கட்டி முடித்தால் போதுமா?

பெர்லின் நகருக்குத் தெற்கே ஷோனஃபெல்டில் கட்டப்பட்ட புதிய விமான நிலையம் 2012 ஜூன் 3-ஆம் தேதி திறக்கப்படவிருந்தது. நகரின் பழைய டெகல் விமான நிலையத்தை முதல் நாள் இரவோடு மூடிவிட்டு, தளவாடங்களை லாரிகளில் ஏற்றி, விடிவதற்குள் புதிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கத் திட்டம் தயாராக இருந்தது. புதிய நிலையத்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கு டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. நான்கு வாரம்கூட மிச்சமில்லாத நிலையில், மே 8-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: திறப்பு இல்லை.

கூரை போட்டாயிற்று. தரையில் கல் பதித்தாயிற்று. பயணிகள் வரிசையில் நிற்க வேண்டிய மேடைகள்கூட வந்துவிட்டன. பார்ப்பவர் கண்ணுக்கு அது முடிந்த கட்டடம்தான். ஆனால் உள்ளே தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்யும் என்று எவராலும் நிரூபிக்க முடியவில்லை. நிர்வாகம் ஒரு மாற்று யோசனை சொன்னது: நூற்றுக்கணக்கான ஆட்களை மண்டபமெங்கும் நிறுத்தி, புகையைக் கண்டால் செல்பேசியில் தகவல் சொல்லச் சொல்லலாம், கதவுகளைக் கையால் திறந்துவிடச் செய்யலாம் என்றது. அனுமதி தர வேண்டிய உள்ளூர் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் நடமாடும் இடத்தில் அவர்கள் எடுத்த முடிவு முழுக்கச் சரியானது.

அந்த விமான நிலையம் திறந்தது 2020 அக்டோபர் 31-ஆம் தேதி. எட்டு ஆண்டுகளுக்கு மேல் தாமதம். 2006-ல் வேலை தொடங்கியபோது ஏறக்குறைய 200 கோடி யூரோ என்று போட்ட கணக்கு, கடைசியில் 600 கோடியை எட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆளில்லாத கட்டடத்தைப் பராமரிப்பதே பெரும் வேலையாகிப்போனது. தரைக்கடியில் இருந்த ரயில் நிலையத்தில் காற்று தேங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பயணிகள் இல்லாத ரயிலை ஓட்டினார்கள். கட்டுப்பாட்டு அமைப்பு முழுமையடையாததால் விளக்குகளை அணைக்க முடியவில்லை என்று 2013-ல் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. விமான நேரம் காட்டும் 750 திரைகள் ஒரு பயணியைக்கூடப் பார்க்காமல் ஆயுள் முடிந்து, 2018-ல் மாற்றப்பட்டன.

பொறியியலுக்குப் பேர்போன நாட்டில் இது எப்படி நடந்தது? பதில், கட்டுமானத்தில் பலரும் கடைசி நாள் சடங்காக நினைக்கும் ஒரு வேலையில் இருக்கிறது. அதற்குக் கமிஷனிங் என்று பெயர்.

புகை எங்கே போகிறது?

தீ விபத்துகளில் பலரைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். சூடான புகை, சுற்றியுள்ள காற்றைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் மேலே எழுந்து கூரையடியில் ஒரு படலமாகப் பரவும். தீ எரிய எரிய அந்தப் படலம் தடித்து, மெல்லக் கீழே இறங்கும். அது மனிதர்களின் தலை உயரத்துக்கு வருவதற்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். பெரிய கட்டடங்களில் புகை வெளியேற்றும் மின்விசிறிகளை வைப்பது, அந்தப் படலத்தை மேலேயே நிறுத்தி, மக்கள் தப்பிக்கச் சில நிமிடங்களைச் சம்பாதித்துத் தருவதற்காகத்தான்.

பெர்லினில் கூரைமேல் புகைபோக்கிகள் தெரிந்தால் அழகு கெடும் என்று, மண்டபத்தின் சில பகுதிகளில் புகையைக் கீழ்நோக்கி இழுத்து, தரைக்கடியில் செல்லும் குழாய்கள் வழியே வெளியேற்றும்படி வடிவமைத்திருந்தார்கள். மேலே போக விரும்பும் புகையைக் கீழே இழுப்பதற்கு அதிக விசை வேண்டும், நுணுக்கமான கட்டுப்பாடு வேண்டும். போதாததற்கு, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மண்டபம் விரிவாக்கப்பட்டது. கடைகளுக்கும் கூடுதல் இடம் சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றமும் புகை அமைப்பின் கணக்கைக் குலைத்தது. அது அளவுமீறிப் பெருத்துப்போய், ஜெர்மானிய ஊடகங்களில் ‘அரக்கன்’ என்றே பெயர் வாங்கியது. பின்னாளில் அதை மூன்று தனிப் பகுதிகளாகப் பிரித்த பிறகுதான் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது.

புகையை இழுத்தால் மட்டும் போதாது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே காற்றழுத்தம் குறையும். வெளியேயுள்ள காற்று கதவுகளை அழுத்தத் தொடங்கும். இருபக்க அழுத்த வேறுபாடு 50 பாஸ்கல்தான் என்று வைத்துக்கொள்வோம். காதால் உணரக்கூட முடியாத அளவு அது. இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள கதவின்மேல் அது 100 நியூட்டன் விசையாக, அதாவது ஏறக்குறைய பத்துக் கிலோ எடையாக அழுத்தும். கைப்பிடி கதவின் விளிம்பில் இருப்பதால் கதவை வெளியே தள்ளித் திறப்பவர் அதில் பாதியைத்தான் சமாளிக்க வேண்டும். ஆனால் கதவைத் தானாக மூடும் ஸ்பிரிங்கின் விசையும் அதோடு சேர்ந்துகொள்ளும். அழுத்த வேறுபாடு இரண்டு மடங்கானால் முதியவராலோ சிறுவராலோ அந்தக் கதவைத் திறக்க முடியாமல் போகலாம். புகையிலிருந்து காப்பாற்ற வைத்த விசிறியே வாசலை அடைத்துவிடும்.

அதனால்தான் தீப்பாதுகாப்பை ஒரு சங்கிலியாகச் சோதிக்க வேண்டும். கூரையில் உள்ள புகை உணர்வி ஒன்று விழித்துக்கொண்டதும் என்னென்ன நடக்க வேண்டும்? தீ எச்சரிக்கைப் பலகைக்குச் செய்தி போக வேண்டும். அந்தப் பகுதிக்குரிய விசிறி மட்டும் ஓட வேண்டும். குழாய்களில் உள்ள டேம்பர் எனப்படும் தடுப்புத் தகடுகளில் சில திறக்க வேண்டும், சில மூட வேண்டும். ஏ.சி. நிற்க வேண்டும். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும். வெளிக்கதவுகளின் பூட்டு விடுபட வேண்டும். அறிவிப்பு ஒலிக்க வேண்டும். அதே நேரத்தில் மின்சாரம் போய்விட்டால், ஜெனரேட்டர் எழுந்து இத்தனைக்கும் உயிர் கொடுக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் வேறு வேறு காண்ட்ராக்டரின் வேலை. உணர்வியைப் பொருத்தியவர் உணர்வி சரி என்பார். விசிறி நிறுவனம் விசிறி ஓடுகிறது என்று கையெழுத்திடும். லிஃப்ட் நிறுவனத்திடம் தனிச் சான்றிதழ் இருக்கும். எல்லோரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உணர்வியின் செய்தி சரியான விசிறிக்குப் போகிறதா என்பதற்கு யார் பொறுப்பு? கட்டடங்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இணைப்புகளில்தான். பெர்லினில் மின்கம்பிகள் தவறாகப் போடப்பட்டிருந்தன. சேர்ந்து ஓடக் கூடாத கம்பிகள் ஒரே தட்டில் ஓடின. திறப்பு ரத்தாகி ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆன பிறகும், 2017 தொடக்கத்தில், தானாகத் திறந்து மூட வேண்டிய கதவுகளில் பெரும்பாலானவை சரியாக இயங்கவில்லை என்று தெரியவந்தது.

இதற்கு விடிவு எப்படி வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 2019 கோடையில் சுயேச்சையான சோதனை வல்லுநர்கள் வந்து, தனித்தனிக் கருவிகளை விட்டுவிட்டு, எல்லா அமைப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துழைக்கின்றனவா என்பதை மட்டும் சோதித்தார்கள். இன்ன இடத்தில் தீ, அதே நேரத்தில் மின்தடை என்று நிலைமைகளைப் புனைந்து, சங்கிலி கடைசிக் கண்ணிவரை போகிறதா என்று பார்த்தார்கள். 2020 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு ஏறத்தாழ 10,000 தன்னார்வலர்கள் பயணிகளாக வந்து, பெட்டியைக் கொடுத்து, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, நிலையத்தை ஒத்திகை பார்த்தார்கள். அதற்குப் பிறகே கதவு திறந்தது.

வேலை தொடங்குவது காகிதத்தில்

கமிஷனிங் என்றால் ஸ்விட்சைப் போட்டு மோட்டார் ஓடுகிறதா என்று பார்ப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது இந்த வேலையின் சிறு பகுதி. உரிமையாளர் கேட்டது என்னவோ அதைக் கட்டடம் உண்மையிலேயே செய்கிறதா என்று, திட்டமிடும் நாளிலிருந்து ஒப்படைக்கும் நாள்வரையும் அதற்குப் பிறகும் சரிபார்த்துப் பதிவுசெய்யும் முறையான ஒழுங்குதான் கமிஷனிங். இதற்கு வழிகாட்டும் ஆவணங்களை அமெரிக்காவின் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 1980-களின் இறுதியிலிருந்தே வெளியிட்டுவருகிறது.

முதல் படி, உரிமையாளரின் தேவைகளை அளக்கக்கூடிய எண்களில் எழுதிவைப்பது. ‘நல்ல காற்றோட்டம் வேண்டும்’ என்பதைச் சோதிக்க முடியாது. ‘இந்த அறைக்கு மணிக்கு இத்தனை முறை காற்று மாற வேண்டும், பக்கத்து அறையைவிட அழுத்தம் இவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும்’ என்பதைச் சோதிக்கலாம். அடுத்து, வடிவமைப்பு அந்த எண்களைத் தருகிறதா என்று டிராயிங்கிலேயே பார்க்க வேண்டும். பெரிய இயந்திரங்களைத் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் முன்பே இயக்கிப் பார்க்க வேண்டும். சைட்டில் பொருத்தியதும், குழாயில் மண் இல்லையா, மோட்டார் சரியான திசையில் சுற்றுகிறதா, வால்வு கைக்கு எட்டுகிறதா என்று பட்டியல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஒவ்வோர் அமைப்பாக, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து. அதன் பிறகும் வேலை மிச்சமிருக்கிறது: பராமரிக்கப்போகும் ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், உண்மையில் எப்படிக் கட்டப்பட்டதோ அப்படி வரைந்த டிராயிங்குகளைக் கொடுக்க வேண்டும், கோடையில் ஒப்படைத்த கட்டடத்தை மழைக்காலத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்.

முதல் படியில் விழும் சிறு பிழை எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பதை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் காட்டியது. அங்கே குழந்தைகளுக்கும் இளையோருக்குமாகப் புதிய மருத்துவமனை கட்டினார்கள். 2019 ஜூலை 9-ஆம் தேதி நோயாளிகள் இடம்மாறுவதாக இருந்தது. ஜூலை 4-ஆம் தேதி ஸ்காட்லாந்து சுகாதார அமைச்சர் அதை நிறுத்திவைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு 10 முறை காற்று மாற வேண்டும் என்பது தரநிலை. அளந்து பார்த்தால் 4 முறைதான் மாறியது.

4, 10 என்ற எண்கள் பார்வைக்குச் சிறியவை. கணக்குப் போட்டால் வேறுபாடு தெரியும். ஓர் அறையின் காற்றில் மிதக்கும் நுண்துகள்களில் 99 சதவீதத்தை வெளியேற்ற, மணிக்கு 10 முறை காற்று மாறினால் ஏறக்குறைய 28 நிமிடம் ஆகும். 4 முறை மாறினால் 69 நிமிடம். நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய ஒரு குழந்தை, ஒருவர் இருமிய காற்றைக் கூடுதலாக 41 நிமிடம் சுவாசிக்க வேண்டியிருக்கும்.

விசாரணையில் வேர் எங்கே இருந்தது என்று தெரிந்தது. ஒவ்வோர் அறைக்கும் வேண்டிய வெப்பநிலை, காற்று மாற்றம் முதலியவற்றைக் குறித்துவைத்த ஒரு கணினி அட்டவணையில், தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்குரிய இடத்தில் 4 என்று பதிந்திருந்தது. அது 2012-லேயே நுழைந்த பிழை. அதன் பிறகு வடிவமைத்தவர்கள் அந்த எண்ணுக்கு வடிவமைத்தார்கள், கட்டியவர்கள் அந்த எண்ணுக்குக் கட்டினார்கள். பல கைகள் மாறியும் அது எவர் கண்ணிலும் உறைக்கவில்லை. கட்டடம் முடிந்து, 2019 பிப்ரவரியில் ஒப்படைக்கப்பட்டு, பணமும் கொடுக்கத் தொடங்கிய பிறகு, சுயேச்சையான ஒருவர் கருவியோடு வந்து தரநிலையின் எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் வெளிப்பட்டது. உள்நோயாளிகள் அங்கே போய்ச் சேர 2021 மார்ச் ஆயிற்று.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. கட்டடம் டிராயிங்கில் உள்ளபடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் டிராயிங்கின் பிழையும் சேர்ந்து தேர்ச்சி பெற்றுவிடும். என்ன தேவையோ அதோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது, அந்தக் கடைசி அளவீடு தாமதமாக வந்தாலும் குழந்தைகள் உள்ளே வருவதற்கு முன் வந்தது. ஐந்து நாள் இடைவெளியில் அது தன் வேலையைச் செய்தது.

காற்றை அளப்பவர்

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு சாதாரண அலுவலகத் தளத்தில் பார்க்கலாம். ஒரே விசிறி, நீண்ட டக்ட், கூரையில் பத்துக் காற்றுவாய்கள். அந்தத் தளத்தில் ஒருவர் ஏணியோடு வருகிறார். கையில் துணியால் ஆன கூடாரம் போன்ற கருவி; அதன் அகன்ற வாயைக் காற்றுவாயின்மேல் அழுத்திப் பிடிக்கிறார். அதன் வழியே போகும் காற்று நொடிக்கு எத்தனை லிட்டர் என்று கருவி காட்டுகிறது. பத்து வாய்களையும் அளந்து எழுதுகிறார். விசிறிக்குப் பக்கத்தில் உள்ளது வேண்டியதைவிட அதிகம் கொட்டுகிறது. கடைசியில் உள்ளது பாதிகூடத் தரவில்லை. காற்று எதிர்ப்புக் குறைந்த வழியைத் தேடிப் போகிறது. அருகிலிருக்கும் வாய்க்குப் போவது அதற்குச் சுலபம்.

அவர் முதல் வாயின் டேம்பரைக் கொஞ்சம் மூடுகிறார். உடனே மற்ற ஒன்பதின் அளவும் மாறிவிடுகிறது. அதனால் மறுபடி பத்தையும் அளக்கிறார், மறுபடி திருகுகிறார். இரண்டு மூன்று சுற்றுகளில் எல்லாம் வேண்டிய அளவுக்கு அருகே வந்துசேரும். ஒவ்வொரு டேம்பரும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு நகர்கிறார்.

இந்தச் சுற்றுகளை யாரும் செய்யவில்லை என்றால் என்ன ஆகும்? கடைசி மூலையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புழுங்கும். அவர் கேட்டதற்காக ஏ.சி.யின் வெப்பநிலையைக் குறைப்பார்கள். விசிறிக்குப் பக்கத்தில் இருப்பவர் சால்வை போர்த்திக்கொள்வார். மின்கட்டணம் ஏறும். ‘இயந்திரம் போதவில்லை’ என்று சொல்லி இன்னொன்று வாங்குவார்கள். இருந்த இயந்திரம் போதுமானதாகவே இருந்திருக்கும்.

நேரம்தான் முதலில் பலியாகிறது

எந்தக் கட்டுமானத்திலும் கமிஷனிங் வரிசையின் கடைசியில் நிற்கிறது. அஸ்திவாரம் இரண்டு மாதம் தாமதமானால், பூச்சு வேலை ஒரு மாதம் தாமதமானால், திறப்பு விழா தேதி மட்டும் மாறுவதில்லை. குறைவது சோதனைக்கு ஒதுக்கிய நாட்கள்தான்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் இதற்குச் சாட்சி. 2008 மார்ச் 27-ஆம் தேதி திறந்த அன்றே பெட்டிகள் குவியத் தொடங்கின. 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் உரியவர்களோடு போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் காரணங்கள் வந்தன. கட்டட வேலை தாமதமானதால் சோதனைத் திட்டத்தைச் சுருக்கியிருந்தார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸின் தலைமை நிர்வாகியே, அந்தச் சமரசம் தவறு என்று ஏற்றுக்கொண்டார். இன்னொரு காரணமும் இருந்தது: சோதனைக் காலத்தில் போலிச் செய்திகள் வெளி அமைப்புகளுக்குப் போய்விடக் கூடாது என்று மென்பொருளில் ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள். திறந்த பிறகு அதை எடுக்க மறந்துவிட்டார்கள். பிற விமானங்களிலிருந்து மாறி வரும் பெட்டிகளைப் பற்றிய தகவல் உள்ளே நுழையவே இல்லை. சோதனையை முடித்துவைப்பதும் சோதனையின் ஒரு பகுதிதான்.

செலவா, சேமிப்பா?

‘இதற்கெல்லாம் தனிச் செலவு எதற்கு?’ என்று கேட்கும் உரிமையாளர்களுக்கு அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் எண்களால் பதில் சொன்னது. இவான் மில்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 26 மாநிலங்களைச் சேர்ந்த 643 கட்டடங்களின் தரவுகள் அலசப்பட்டன. ஆற்றல் தொடர்பான 10,000-க்கும் மேற்பட்ட கோளாறுகள் அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. கமிஷனிங் செய்த பிறகு, ஏற்கெனவே இயங்கிவந்த கட்டடங்களில் ஆற்றல் செலவு இடைநிலை மதிப்பாக 16 சதவீதமும், புதிய கட்டடங்களில் 13 சதவீதமும் குறைந்தது. போட்ட பணம் பழைய கட்டடங்களில் 1.1 ஆண்டிலும், புதியவற்றில் 4.2 ஆண்டிலும் திரும்பி வந்தது.

அந்தக் கோளாறுகள் எவையும் விசித்திரமானவை அல்ல. முழுதாக மூடாத குளிர்நீர் வால்வு. வெயில் விழும் சுவரில் பொருத்திய வெப்ப உணர்வி. ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்படி விடப்பட்ட விசிறி. இப்படிப்பட்டவை சத்தம் போடுவதில்லை, எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. தேடிப் போய்ப் பார்த்தால் ஒழிய, கட்டடத்தின் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

நஷ்டம் எவ்வளவு என்று உடனுக்குடன் தெரிந்த இடங்களில் யாரும் இந்தச் செலவைக் கேள்வி கேட்பதில்லை. டேட்டா சென்டர்களைப் பாருங்கள். கணினிகள் வருவதற்கு முன்பே, அவற்றின் இடத்தில் வெப்பம் உமிழும் பெட்டிகளை வைத்து முழுச் சுமையும் ஏற்றுகிறார்கள். பிறகு வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டிக்கிறார்கள். பேட்டரி தாங்குகிறதா, ஜெனரேட்டர் எழுகிறதா, குளிரூட்டல் மீள்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் பதிவாகிறது. கணினிகளுக்குச் செய்யும் இந்தச் சோதனையை, மனிதர்கள் படுத்திருக்கும் மருத்துவமனைக்கும் குழந்தைகள் தூங்கும் குடியிருப்புக்கும் செய்யாமல் விடுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

யார் சோதிப்பது?

பொருத்தியவரே சோதித்துச் சான்றும் தருவது இயல்பாக நடக்கிறது; அது போதாது. அவர் கெட்டிக்காரராகவும் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் வேலையை முடித்துப் பணம் வாங்கும் அவசரம் அவருக்கு உண்டு. பக்கத்துக் காண்ட்ராக்டரின் இணைப்பு அவர் பொறுப்பும் அல்ல. அதனால்தான் உரிமையாளருக்கு நேரடியாகப் பதில் சொல்லும், கட்டுமானத்தில் பங்கில்லாத ஒருவர் வேண்டும். அவரை வடிவமைப்பு தொடங்கும்போதே அமர்த்த வேண்டும். லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ், கமிஷனிங்கைக் கட்டாய முன்நிபந்தனையாக வைத்திருப்பதன் காரணமும் இதுவே.

பெரிய கட்டடங்களுக்குச் சொன்னது நமது அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் பொருந்தும். புதிய குடியிருப்பு ஒன்று உங்கள் சங்கத்தின் கைக்கு வரும் நாளில், சான்றிதழ்களை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மெயின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் எத்தனை நொடியில் வருகிறது, லிஃப்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். தீயணைப்புக் குழாயை மேல்மாடியில் திறக்கச் சொல்லுங்கள்; தரைத்தளத்தில் தண்ணீர் பீய்ச்சுவது எதையும் நிரூபிக்காது. ஓர் உணர்வியைப் புகை காட்டி விழிக்கச் செய்து, எந்த மணி அடிக்கிறது, எந்தக் கதவு திறக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். அளந்த எண்களைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். பூட்டிக் கிடக்கும் படிக்கட்டுக் கதவைத் தீப்பிடித்த இரவில் கண்டுபிடிப்பதைவிட, ஒப்படைக்கும் நாளில் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் மலிவு. அந்தப் பதிவேடு கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.